ஏறிட்டாளா, அக்கா?

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

செங்கல்பட்டிலிருந்து காலை ஏழு பத்துக்குக் கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், பதினொரு வருஷமாகப் போய் வருகிறேன். கிண்டியில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. வண்டி செங்கல்பட்டிலேயே புறப்படுவதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். சிங்கப்பெருமாள் கோவிலிலும் மறைமலை நகரிலும் ஏறுகிறவர்கள்தான் பாவம், கடைசி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதனால் தினமும் சண்டை. ஒரு நாள் ஒருத்தி இன்னொருத்தியின் சாப்பாட்டுப் பையைத் தூக்கி எறிந்து, பெட்டி முழுக்க சாம்பார்.

அன்றைக்குத்தான் நானும் ஜவுளிக்கடை அக்காவும் சேர்ந்து ஒரு விதி போட்டோம். ஜவுளிக்கடை அக்கா செங்கல்பட்டு மார்க்கெட் பக்கத்து முஸ்லிம் குடும்பம். மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் இருபது வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவர். குரல் அப்படி. வாயைத் திறந்தால் அடுத்த பெட்டிக்குக் கேட்கும். விதி இதுதான்: செங்கல்பட்டில் உட்கார்ந்தவர்கள் கூடுவாஞ்சேரி வந்ததும் எழுந்துவிட வேண்டும், அதுவரை நின்றவர்கள் உட்கார வேண்டும். முடியாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எழுந்திருக்க வேண்டாம்.

இது ரயில்வே போட்ட விதி இல்லை. மீறினால் அபராதம் இல்லை. ஆனாலும் நடந்தது. கூடுவாஞ்சேரி நடைமேடை தெரிந்ததும் இந்தப் பக்கம் வரிசையாக எழுந்திருப்பார்கள், அந்தப் பக்கம் வரிசையாக உட்காருவார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோதான் அவளுக்கு முடிவு செய்தார்கள். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். இந்த ஒழுங்கு நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்டது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

பெருமைதான் கெடுத்தது. வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். யார் வருகிறார்கள், யார் லீவு என்று காலையில் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் காலி இடம் தெரியும். அப்புறம் ஸ்பீக்கரில் பாட்டு போடக் கூடாது என்றோம். அதுவும் சரி. அப்புறம் போனில் ரொம்ப நேரம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறவர்களை முறைக்க ஆரம்பித்தோம். அப்புறம், அந்த ரவிக்கைக்கு முதுகு எங்கே, இந்தச் சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு லிப்ஸ்டிக் எதற்கு என்றெல்லாம் பேச்சு வந்தது. ஒரு விதி நன்றாக நடந்தால், அடுத்ததைப் போடக் கை அரிக்கும். எனக்கு அரித்தது. நான்தான் அதிகம் பேசியவள்.

நான் சொல்ல வந்த பெண் எங்கள் பெட்டிக்கு வந்தது போன வருஷம். இருபத்து மூன்று வயது. கருங்குழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து ரயில் ஏறுவாள். பல்லாவரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனை படித்தவள். அவளைக் கொண்டுவந்து விட்டது அவளுடைய அண்ணி. அந்த அண்ணி முன்பு எங்களோடு ரயிலில் வந்துகொண்டிருந்தவள்தான். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

“எங்க நாத்தனாருக்கா. வெவரம் பத்தாது. கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றாள்.

“இன்னாத்துக்குப் பயப்படறே? எங்க பொட்டி கோட்டை மாதிரி” என்று ஜவுளிக்கடை அக்கா சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் பேச மாட்டாள். ஜன்னலோரம் உட்காருவாள், கூடுவாஞ்சேரி வருவதற்கு முன்னாலேயே எழுந்து இடம் கொடுத்துவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு புதன்கிழமை பெங்களூரிலிருந்து என் கணவரின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். லீவு போட்டுவிட்டு அவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். பிளஸ் டூ படிக்கும் என் மகளும் வந்தாள். அன்று காலை குரூப்பில் அந்தப் பெண் ‘இன்றைக்குக் காய்ச்சல், லீவு’ என்று போட்டிருந்தாள். காரணம் சொல்ல வேண்டும் என்று விதியே இல்லை. லீவு என்று மட்டும் போட்டிருக்கலாம். அவள் சொன்னாள், நானும் ‘கசாயம் குடிம்மா’ என்று பதில் போட்டேன்.

மத்தியானம் கடற்கரையில் மீன் வறுக்கும் கடைகளின் பக்கமாக வந்தோம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பையன். மூக்குக் கண்ணாடி போட்டவன், சாதாரணமாக இருந்தான். அவன் மீனில் முள் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டுச் சிரித்தாள். ஒன்பது மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், என்னோடு ஒரு தடவையாவது அப்படிச் சிரித்திருப்பாளா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்கு என்று இப்போது வரை யோசிக்கிறேன். பொய் சொன்னதற்கா, கசாயம் குடி என்று நான் சொன்னதற்கா, அந்தச் சிரிப்புக்கா?

“ஏய், காய்ச்சல்காரியைப் பாத்தியா!” என்று மகளிடம் காட்டினேன்.

“அவங்க பாட்டுக்கு சாப்பிடறாங்க. உனுக்கு இன்னாம்மா? வா” என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வந்திருக்கலாம். நான் போனை எடுத்தேன். குரூப்பில் எழுதினேன்: ‘காய்ச்சலுக்கு மாமல்லபுரத்துக் கடல் காத்துதான் மருந்துன்னு எந்த டாக்டரம்மா சொன்னாங்க? ஜோடியாப் போனாதான் குணமாகுமாமே!’ கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. கிண்டல்தான். எங்கள் பெட்டியில் நாங்கள் ஒருவரை ஒருவர் இதைவிட மோசமாகக் கிண்டல் செய்வோம். மளமளவென்று பதில் சிரிப்புகள் வந்தன. ஒருத்தி ‘மாப்பிள்ளை எப்படி?’ என்று கேட்டாள். நான் ‘முள்ளு எடுத்து ஊட்டறாரு’ என்று எழுதினேன்.

கால் மணி நேரம் கழித்துப் போன் ஒரு தகவலைக் காட்டியது. குரூப்பிலிருந்து ஒருவர் வெளியேறியிருந்தார். அந்த அண்ணி. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் அவள் குரூப்பை விட்டுப் போகவில்லை என்பது எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. யாரும் போக மாட்டார்கள், பழைய ஆட்கள் எல்லாரும் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எழுதியதை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் காதில் போன் இருந்தது. முகம் செத்துப் போயிருந்தது. அந்தப் பையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஏழு பத்து வண்டியில் ஒவ்வொரு தலையாகப் பார்ப்பேன். அவள் நம்பர் அணைந்து கிடந்தது. கிடங்கில் இருமல் மருந்துப் பெட்டியில் மாத்திரை சீட்டு ஒட்டி மேலாளரிடம் திட்டு வாங்கினேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. “ஊர் வம்பை ஏன் இழுத்துக்கினு வர்றே?” என்று கணவர் கேட்டார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

என்னை அடிப்பார்கள், திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். என் அம்மாவின் ஜாடை.

“தெய்வம் மாரி வந்து காப்பாத்தினம்மா. நீ சொல்லலன்னா எங்க மானம் போயிருக்கும்” என்றாள். காபி கொடுத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து நீட்டினாள். எனக்கு நெருப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அந்தப் பெண் உள்ளே கதவோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஒரு பக்கம் கன்றியிருந்தது. அண்ணன் அடித்திருக்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். கடையிலிருந்து திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“வேலையை நிறுத்தாதீங்கம்மா. படிச்ச பொண்ணு” என்றேன்.

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “இந்தத் தெருவுல மொத மொதல்ல வேலைக்குப் போன பொண்ணு இவதான். இவளைப் பாத்துட்டுத்தான் இன்னும் நாலு பொண்ணுங்க போவுது. இவ ஒருத்தி தடம் மாறினா, நாளைக்கு அந்த நாலையும் வூட்ல பூட்டிடுவானுங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்கு மகள் மேல் கோபத்தைவிடத் தெருவின் மேல் பயம் அதிகம். அந்த நாலு பெண்களும் நிஜம், கன்றிய கன்னமும் நிஜம்.

அப்போதுதான் அண்ணி ஒரு வழி சொன்னாள். “அக்கா கூடவே போயி கூடவே வரட்டும். அக்கா பக்கத்துல வச்சுக்குவாங்க. தெனமும் நான் அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது என்ற ஒரே சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். நான் செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தேன். முட்டாள்.

மறுநாளிலிருந்து ஏழேகாலுக்குப் போன் வரும். “ஏறிட்டாளா, அக்கா?” “ஏறிட்டா.” சாயங்காலமும் அப்படியே. இடையில், “யார்கூடனா பேசினாளா? போன் எங்கனா வச்சிருக்காளா?” என்றும் கேட்பாள். நான் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாள். கூடுவாஞ்சேரியில் எழுந்து இடம் கொடுப்பாள், நானும் எழுந்திருப்பேன். நின்றுகொண்டும் அவளை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து என்னால் தாங்க முடியவில்லை. “என்னை மன்னிச்சிடும்மா” என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு நாளு அந்தப் பையனைப் பாக்கணும்னா போயிட்டு வா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க பர்மிஷன் குடுத்து நான் போணுமாக்கா?”

சுருக்கென்றது. “இன்னாடி இப்படிப் பேசறே? உனக்காகத்தானே? வேணான்னா நான் இந்த வேலையிலேருந்து வெலகிக்கறேன். நாளைலேருந்து போனை எடுக்க மாட்டேன்.”

“நீங்க வெலகினா நான் வூட்ல உக்காரணும். நீங்க இருந்தா ஜெயிலு. பரவால்லக்கா, ஜெயிலுக்குச் சம்பளம் வருது” என்றாள். கோபம்கூட இல்லாமல் சொன்னாள். பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னேன். “கரெக்டாதான் சொல்லியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. எல்லார் மேலும் வந்தது. என் மேல் வந்ததை எங்கே கொண்டு கொட்டுவது?

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, அவள் வரவில்லை. வண்டி கிளம்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். கருங்குழி பஸ்ஸில் வழக்கமாக வருகிற இன்னொரு பெண் ஏறினாள். “அவ வரலியா?” என்றேன். “பஸ்ல வந்தாளேக்கா. செங்கல்பட்டுலதான் எறங்கினா. ஸ்டேஷன் பக்கம் வராம அந்தாண்டை நடந்தா” என்றாள். வண்டி நகர்ந்தது. சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்கு முன்னால் என் போன் அடித்தது.

“ஏறிட்டாளா, அக்கா?”

அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவன் யார், நல்லவனா கெட்டவனா, அதுவும் தெரியாது. ஏறவில்லை என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் அண்ணன் பைக்கில் கிளம்பிவிடுவான். பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துவிடுவான். ஏறிவிட்டாள் என்று சொன்னால் சாயங்காலம் வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள். அதற்குள் அவளுக்கு ஏதாவது ஆனால், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

“ஏறிட்டா” என்றேன்.

“அவகிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன். சாவி எங்க வச்சான்னு கேக்கணும்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். எதிர் சீட்டிலிருந்து ஜவுளிக்கடை அக்கா என் முகத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“ஏம்மா, அது அசந்து தூங்கிகினு கீது. முகமே சொரத்தா இல்ல, தலைவலியாம். இப்ப எழுப்பி சாவியைக் கேக்கணுமா? பூட்டை ஒடைச்சுக்கோ, போ!” என்று தன் துணிக்கடைக் குரலில் கத்திவிட்டுத் துண்டித்தார்.

பெட்டியில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெண் வரவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். லிப்ஸ்டிக்குக்கும் ரவிக்கைக்கும் வாய் ஓயாமல் பேசுகிற கூட்டம் அது. ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் தன் பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

மத்தியானம் அவளே யாருடைய போனிலிருந்தோ அண்ணியைக் கூப்பிட்டு, ‘நல்லாயிருக்கேன், தேடாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கிறாள். அவனோடு போனாளா, தனியாகப் போனாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தெருவின் மற்ற நாலு பெண்களில் இரண்டு பேர் இப்போது பஸ்ஸில் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மாவும் அண்ணியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணி கத்தினாள், சாபம் விட்டாள். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தம்மா மட்டும் கத்தவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து நீட்டிய அதே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உம் பொண்ணா இருந்தா இப்படிப் பொய் சொல்லி அனுப்பி வெப்பியா?” என்றாள்.

படித்துக்கொண்டிருந்த என் மகள் எழுந்து வந்து அறை வாசலில் நின்றாள். அந்தம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று மனசார நினைத்தேன். சொல் வரவில்லை. அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு, மருமகளை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். மகள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் போனுக்கு ஒரு பூட்டு போட்டிருக்கிறாள். நாலு எண். அது என்னவென்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.